மூன்றாம் ஓலை

இரண்டாம் ஓலையை வாசித்த அன்றே, மூன்றாம் ஓலையை வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மலாக்காவில் காஜா பெராங்கில் பதிமூன்று வருடம் போதகராக இருந்தும் என் முன்கோபம் மட்டும் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. அதனால் கோபத்தில் சொன்னேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன், முடியவில்லை.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால், மாப்பிள்ளை பெண் பெயரை மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆலயத்தில் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, இவர்கள் இருவரும் சேரத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் எழுந்து சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். இதற்குப் பெயர்தான் ஓலை. என் காலத்தில் ஒரே ஒருவர்தான் எழுந்திருக்கிறார். அவரும் கீழே விழுந்த விசிறியை எடுக்க எழுந்தவர். ஓலை கேட்டவனே தடை சொன்னது இந்த ஒரு தடவைதான் நடந்திருக்கும்.

ஓலை மல்லிகாவுக்கும் கருணாகரனுக்கும். மல்லிகாவுக்கு இருபத்தாறு வயது, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அவள் புருஷன் தம்பிராஜாவைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இங்கே மலாக்காவுக்கும் தம்பினுக்கும் நடுவே இருந்த தண்டவாளத்தையே பெயர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள்; அது போன வழியிலேயே எங்கள் ஆட்களும் போனார்கள். கருணாகரன் தம்பிராஜாவின் சிநேகிதன். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் மரவள்ளி போட்டு, பாதியை மல்லிகா வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறவன்.

தம்பிராஜா ஏறின அதே லாரியில் என் மகன் ஜெயபாலனும் ஏறினான். கூலியாக இல்லை, செக்ரோல் என்கிற கூலிப் பேரேடு எழுதும் கிராணியாக. இருபத்திரண்டு வயது. அவன் போயே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சபையில் ஒன்பது பேர் போகிறார்களே, எழுதப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் கூட இருந்தால் அவர்களுக்குத் துணை என்று சொன்னது நான்தான். மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்றார்கள். நானும் ஜெபம் பண்ணி அனுப்பிவைத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, மூன்று வாரத்துக்கு முன்னால், சயாமிலிருந்து ஒரே ஒருவன் திரும்பி வந்தான். நடராஜன் என்று பெயர், தோட்டத்து ஆள், இந்து. காலில் புண் பழுத்து வேலைக்கு ஆகான் என்று தள்ளிவிட்டதில், லாரியும் நடையுமாக ஊர் வந்து சேர்ந்திருக்கிறான். மலாய் பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியில் ஒரு வீட்டுக் கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இடம் கொடுத்திருந்தார்கள். தம்பிராஜா இறந்ததைத் தானே பார்த்ததாக அவன் மல்லிகாவிடம் சொல்ல, சபைப் பெரியவர் ஒருவர் வந்து, சாட்சி இருக்கிறான் ஐயா, ஓலை போடலாம் என்றார். நானும் இரண்டு ஓலை வாசித்தேன். மூன்று வாரமும் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. நேரமில்லை என்றேன். நேரமா இல்லை? கொட்டகை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு அவனே தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டான். ஆராதனை முடிந்து, ஆலயத்தின் பின்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மல்லிகா சுவரோரம் நின்றாள்.

"தம்பிராஜா வாந்திபேதியில போயிட்டாருங்க. குழி வெட்டுனது நாந்தான்," என்றான்.

எழுதிக்கொண்டேன். அவன் மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தான்.

"இன்னொரு சாட்சியும் இருக்குதுங்க. ஐயா மகன்..."

நான் புத்தகத்தை அறைந்து மூடினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றேன். ஒருவன் வாய்ச்சொல்லை நம்பி ஒரு மனுஷனைச் செத்தவன் என்று எழுத முடியாது, சபைச் சட்டத்தில் இரண்டு சாட்சி வேண்டும், அது கிடைக்கிற வரைக்கும் மூன்றாம் ஓலை கிடையாது என்றேன். இரண்டாவது சாட்சி என்று அவன் நீட்டின கையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன். அவன் பொட்டலத்தைத் திரும்ப மடியில் செருகினான். திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவ எடுத்துப்போக வந்த என் மனைவி ஞானப்பூ, வாசலில் நின்று அதைப் பார்த்தாள். கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். கரையான் தின்றது போக மிச்சம் இருந்த பக்கங்களில் நான் சொன்னது அப்படியே இருந்தது. நாலு தடவை படித்தேன். சரியாகச் சொல்லியிருக்கிறோம் என்று ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மத்தியானம் மல்லிகா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வட்டாரத் தலைவர் ஒரு பட்டியல் எடுக்கிறார் என்றாள். முப்பது வயதுக்குள், வீட்டில் புருஷன் இல்லாத பெண்களின் பட்டியல். பண்டார் ஹிலிரில் அதிகாரிகள் தங்கும் வீடுகளுக்குச் சமையல் வேலைக்கு என்று பேச்சு. போன மாதம் அப்படிப் போன இரண்டு பெண்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. வரும் திங்கள் சாயங்காலம் பட்டியல் மேலே போகிறது. அதற்குள் சபையின் கல்யாணச் சீட்டைக் காட்டினால் பெயரை அடித்துவிடுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். ஆக ஞாயிறு ஓலை, திங்கள் காலை கல்யாணம். அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது.

"நான் இதுக்கு முன்னாடி உங்க பேச்ச மீறினதில்ல ஐயா. இப்பவும் மீறல. பிள்ளைய மட்டும் நினைச்சுப் பாருங்க," என்றாள்.

போன வருடம் புருஷன் திரும்பி வரவேண்டும் என்று அவள் அம்மன் கோயிலில் துணி முடிந்து வேண்டிக்கொண்டாள் என்பதற்காக, மூன்று மாதம் அவளுக்குத் திருவிருந்து கொடுக்காமல் நிறுத்தியவன் நான். அப்போதும் தலை குனிந்து சரி என்றுதான் சொன்னாள். இப்போதும் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லி என்னை அடித்துப்போட்டிருக்கலாம், சொல்லவில்லை. நான் கேட்க மறுத்த சேதி அவளுக்கும் தெரியும், காஜா பெராங் முழுக்கவே தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

செவ்வாய்க்கிழமை பிரசங்கம் எழுத உட்கார்ந்தேன். ஞாயிறு சொல்லப்போவதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, வெள்ளி மத்தியானத்துக்குள் போலீஸ் ஆபீசில் கொடுக்க வேண்டும். அங்கே ஒருவர் படித்து முத்திரை போட்டால்தான் வாய் திறக்கலாம். காகிதம் கிடைக்காது, பழைய ஞாயிறு பள்ளிப் பாடத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். விசுவாசத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். ஆறு வரி எழுதினேன். ஆறும் பொய். கிழித்தால் காகிதம் வீண் என்பதால் கிழிக்காமல் எழுந்து போய் மரவள்ளிப் பாத்தியைக் கொத்தினேன். மண்வெட்டிப் பிடி உடைந்தது. ஞானப்பூ அதை எடுத்து அடுப்பில் வைத்தாள். மற்ற நாளாக இருந்தால் அந்தப் பிடிக்கு ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

புதன்கிழமை என் மகனுக்குக் கடிதம் எழுதும் நாள். அவன் போன முதல் வாரத்திலிருந்து ஒரு புதன் தவறியதில்லை. அனுப்ப வழியில்லை, எழுதி மேஜை இழுப்பறைக்குள் வைப்பேன், வந்ததும் படிக்கட்டும் என்று. சபையில் நடந்தது எல்லாம் அதில் இருக்கும்: யாருக்குக் குழந்தை பிறந்தது, திருவிருந்துக்கு மரவள்ளி அப்பம் சுட்டது, டோக்கியோ நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பிவிட்டதால் அரை இருட்டில் ஞாயிறு பள்ளி நடத்துவது. நியாயம் தெரியாத விஷயங்களில் அவன் என்ன சொல்வான் என்று யோசித்துப் பார்ப்பதும் அந்தக் கடிதங்களில்தான்.

அன்றும் எழுதினேன். அன்புள்ள ஜெயபாலா. மல்லிகாவின் ஓலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். நடராஜன் என்று ஒருவன் உங்கள் முகாமிலிருந்து வந்து சாட்சி சொன்னான். சட்டப்படி ஒரு சாட்சி போதாது.

அதற்கு மேல் பேனா நகரவில்லை. இதைப் படித்ததும் அவன் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். எங்கள் முகாமிலிருந்து வந்தவனிடம் என்னைப் பற்றி ஏன் அப்பா கேட்கவில்லை என்பான். உயிரோடு இருக்கிற மகனுக்கு அப்படி ஒரு கடிதம் எழுத முடியாது. ஒன்றரை வருடமாக மகனைப் பற்றி ஒரு சேதி வராதா என்று முட்டி போட்டவன், சேதி நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தபோது வாயை மூடச் சொல்லியிருக்கிறேன். மல்லிகாவின் புருஷன் செத்தான் என்று நடராஜனை நம்பினால், அடுத்து அவன் சொல்வதையும் நம்ப வேண்டும். அவனை நம்பாத வரைக்கும் என் மகன் உயிரோடு இருப்பான். அதற்காக ஒரு பெண்ணைப் பட்டியலில் ஏற விட்டேன். இதை மேஜையில் தலையை வைத்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழுதேன். ஆனாலும் எழுந்து போகவில்லை. அதற்குத் தைரியம் வர இன்னும் இரண்டு நாள் பிடித்தது.

வியாழன் காலை ஞானப்பூ மரவள்ளித் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்," என்றாள். "அந்தப் பொட்டலம் கட்டியிருந்த துணி நான் தைச்ச சட்ட. தோள்ல ஒட்டுப் போட்டது என் தையல்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க வரட்டும்னுதான் இருந்தேன். நாலு நாளா இருக்கேன். இனி இருக்க முடியாது." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இன்னொருத்தி பிள்ளைய அநாதையா விட்டுத்தான் என் பிள்ளை உசிரோட இருக்கணும்னா, அப்படி ஒரு உசிரு எனக்கு வேண்டாங்க. நாளைக்குப் போறோம்."

அவள் அழவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை முழுக்க மண்ணும் கிழங்குப் பாலுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, எழுதி முடித்த பிரசங்கத்தைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஆபீசில் கொடுத்தேன். இந்தத் தடவை ஒரு பக்கம்தான். உண்மை என்பதால் சுருக்கமாக முடிந்துவிட்டது. அங்கிருந்து இருவரும் கம்போங் செட்டிக்கு நடந்தோம். ஞானப்பூ தூக்குச் சட்டியில் கஞ்சி எடுத்து வந்திருந்தாள். கொட்டகைக்குக் கோயில் முற்றத்தைக் கடந்துதான் போக வேண்டும். பதிமூன்று வருடமாக அந்த முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். வீட்டுக்காரர் பெயர் மாணிக்கவாசகம். பெயர்தான் தமிழ், வாய் திறந்தால் மலாய். "மாசோக், துவான், மாசோக்," என்று உள்ளே அழைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தைக் கடந்தேன்.

நடராஜன் பாயிலிருந்து எழப் பார்த்தான். வேண்டாம் என்று நான் தரையில் உட்கார்ந்தேன். ஞாயிறு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது சங்கடமாகப் போயிற்று. பொட்டலத்தை எடுத்து ஞானப்பூ கையில் கொடுத்தான். அவள் துணியைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை என்னிடம் கொடுத்தாள்.

செக்ரோல் தாள்களை நூலால் தைத்த சின்னப் புத்தகம். கூலிகளின் பேர் எழுதிய தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, இறந்த தேதி, அடக்கம் பண்ணின இடம், அடக்க ஆராதனை நடத்தியவர். எங்கள் சபை அடக்கப் புத்தகத்தில் நான் போடும் அதே கட்டங்கள், அதே வரிசை. சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்திருப்பான். நாலாவது பெயர் தம்பிராஜா. மூன்றாவது மைல்கல்லுக்கு அப்பால், ஆற்றங்கரை மூங்கில் புதர் ஓரம். நடத்தியவர், ஜெயபாலன். பத்துப் பெயர்களும் அவன் கையெழுத்தில் இருந்தன. பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் கூட இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் போய் ஜெபம் பண்ணியிருக்கிறான்.

பதினோராவது வரி வேறு கையெழுத்து. எழுத்துகள் பெரிது பெரிதாகக் கோட்டுக்கு வெளியே போயிருந்தன. ஜெயபாலன். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், மலாக்கா பாதிரி ஐயா என்று இருந்தது. வயது இருபத்துமூன்று. இடம், அதே மூங்கில் புதர். கடைசிக் கட்டம் மட்டும் காலி.

நான் அந்த வரியை வாய்விட்டுப் படித்தேன். ஞானப்பூவுக்கும் கேட்க வேண்டும் என்று முழுவதும் படித்தேன்.

"கடைசில ஏன் ஒண்ணும் எழுதல?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க இருந்தேன். நான் எப்படி என் பேரப் போடுறது? நான் வேதக்காரன் இல்லியே."

"ஒண்ணும் சொல்லாமலா புதைச்ச?"

"சொன்னேங்க." அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "தம்பி பத்து தடவ சொல்றப்ப பக்கத்துல மம்பட்டியோட நின்னவன் நான். பாதி மனசுல நின்னுச்சு, அதச் சொன்னேன். நிக்காத எடத்துல முருகா முருகான்னு சொல்லி முடிச்சேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க."

ஒரு துணி முடிந்ததற்காக மூன்று மாதம் திருவிருந்தை நிறுத்தியவனிடம் இவன் மன்னிப்புக் கேட்கிறான். தப்பில்லை என்று சொன்னேன். ஞானப்பூ கஞ்சியை ஊற்றி அவனுக்கு நீட்டினாள். அவன் குடித்து முடிக்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். திரும்பும்போது மல்லிகா வீட்டு வாசலில் நின்று, ஞாயிறு ஓலை உண்டு, திங்கள் காலை கல்யாணம் என்று சொன்னேன். அவள் முதலில் ஞானப்பூவைத்தான் பார்த்தாள். கிட்டே வந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சபையின் அடக்கப் புத்தகத்தை எடுத்து, பத்துப் பெயர்களையும் மசியால் எழுதினேன். நடத்தியவர் என்ற கட்டத்தில் பதிமூன்று வருடமாக என் பெயர் ஒன்றுதான் மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. அதன் கீழே பத்துத் தடவை ஜெயபாலன் என்று எழுதினேன். பதினோராவது வரியும் எழுதினேன். கடைசிக் கட்டத்தை மட்டும், நடராஜன் விட்டிருந்த மாதிரியே காலியாக விட்டேன். அதை அறைக்குள் உட்கார்ந்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஞாயிறு ஆலயம் நிரம்பியிருந்தது. போலீஸ் ஆபீசிலிருந்து வழக்கமாக வரும் கிளார்க்கும் கடைசி பெஞ்சில் இருந்தார். நடராஜன் வாசல் தூணில் சாய்ந்திருந்தான். உள்ளே வரச் சொல்லி, முதல் வரிசையில் ஞானப்பூ பக்கத்தில் உட்கார வைத்தேன். மூன்றாம் ஓலையை வாசித்தேன். போன ஞாயிறு தடை சொன்னவன் நான், அந்தத் தடை நீங்கியது, இரண்டு சாட்சியும் கிடைத்தது என்றேன். இரண்டாவது சாட்சி யார் என்று சொல்ல அடக்கப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். இது முத்திரை போட்ட காகிதத்தில் இல்லாதது. சயாமில் செத்தவர்கள் பெயரைச் சபையில் வாசித்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அந்தக் கிளார்க்குக்கும் தெரியும். வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு பெஞ்சில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. கிளார்க் தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தாவது பெயர் வரை நடத்தியவர் ஜெயபாலன் என்று வாசித்தேன்.

பதினோராவது வரியில் என் மகன் பெயரையும் என் பெயரையும் வாசித்தேன். அடக்க ஆராதனை நடத்தியவர் நடராஜன் என்றேன். சபைப் பெரியவர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் என்ன சொல்லி அடக்கம் பண்ணினான் என்பதையும் மறைக்கவில்லை. முருகா என்றதையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு, ஓலைக்குக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். இதை இப்படியே எழுதத் தடை சொல்கிறவர்கள் யாராவது இருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள் என்றேன்.

ஓலைக்குக் காத்திருப்பதைவிட அதிக நேரம் காத்திருந்தேன். யாரும் எழவில்லை. முதல் வரிசையிலிருந்து ஞானப்பூ, தெளிவாக, ஆமென் என்றாள். நான் பேனாவை மசியில் தொட்டு, எல்லாரும் பார்க்க, காலியாக இருந்த கட்டத்தில் நடராஜன் என்று எழுதினேன்.